ஆய்வகத்தில் வென்றவையும் வண்டியில் நிலைத்தவையும்: ஹைட்ரஜன் எரிபொருள் மின்கல ஆய்வில் பல்கலைக்கழகங்களின் பங்கு

1. கேள்வி

ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் எரிக்காமலே இணையச் செய்து, அந்த இணைப்பிலிருந்து நேரடியாக மின்சாரம் எடுப்பது எரிபொருள் மின்கலம். மிச்சமாவது நீரும் வெப்பமும் மட்டுமே. பாசல் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிறிஸ்டியான் ஷோன்பைனும், வேல்ஸைச் சேர்ந்த வழக்கறிஞரும் அறிவியலாளருமான வில்லியம் குரோவும் 1839ஆம் ஆண்டில் சில வார இடைவெளியில் இதன் அடிப்படையை அச்சில் வெளியிட்டனர். இந்த மின்கலத்தால் ஓடும் டொயோட்டாவின் மிராய் கார் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 2014 டிசம்பரில். இடைப்பட்ட காலம் 175 ஆண்டுகள்.

இந்த நீண்ட இடைவெளியில் பல்கலைக்கழகங்கள் செய்தது என்ன என்பதற்கு இரண்டு விடைகள் வழக்கத்தில் உள்ளன. பல்கலைக்கழகம் கண்டுபிடிக்கிறது, தொழிலகம் அதை உருவாக்கிச் சந்தைக்குக் கொண்டுவருகிறது என்பது முதல் விடை. அரசுகளின் ஆய்வுக்கொள்கை ஆவணங்கள் பெரும்பாலும் இதையே நம்பி எழுதப்படுகின்றன. பல்கலைக்கழகங்கள் கட்டுரைகளைக் குவித்தன, உண்மையான வேலையை விண்வெளி நிறுவனங்களும் கார் நிறுவனங்களும் செய்தன என்பது இரண்டாவது விடை. தொழில்துறையினரிடையே இதற்கு ஆதரவு அதிகம்.

இரண்டுமே அரைகுறையான விடைகள் என்பது இக்கட்டுரையின் வாதம். ஓடும் இயந்திரத்தில் வந்து நிலைத்த பல்கலைக்கழக ஆய்வுகளைப் பின்னோக்கித் தேடிச் சென்றால், அவற்றுள் பெரும்பாலானவை புதிய அதிசயப் பொருள்களின் அறிவிப்புகளாக இருப்பதில்லை. ஒரே சிக்கலோடு பல ஆண்டுகள் தங்கியிருந்த ஆய்வுகளும், பொருள்கள் எப்படிச் சிதைகின்றன என்பதை எல்லோரும் சரிபார்க்கும்படி அளந்த ஆய்வுகளுமே அங்கே கிடைக்கின்றன. நிதியும் புகழும் போவதோ அதிசயப் பொருள் அறிவிப்புகளுக்கு.

2. பேக்கனின் கேம்பிரிட்ஜ்: பழைய கதையை மறுபடி வாசித்தல்

எரிபொருள் மின்கலத்தைப் பொறியியல் கருவியாக்கியவர் என்று ஃபிரான்சிஸ் தாமஸ் பேக்கனைச் சொல்வது வழக்கம். நியூகாசிலில் இருந்த சி. ஏ. பார்சன்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தபோது, 1932இல் அவர் இதைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கினார். போருக்குப் பின், 1946 முதல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. 1959இல் நாற்பது கலங்களை அடுக்கிய, சுமார் 6 கிலோவாட் திறனுள்ள கருவியை அவர் பொதுவில் இயக்கிக் காட்டினார். அதன் காப்புரிமைகளை அமெரிக்காவின் பிராட் அண்ட் விட்னி நிறுவனம் பெற்றது. அப்பல்லோ விண்கலங்களுக்கு மின்சாரமும் விண்வெளி வீரர்களுக்குக் குடிநீரும் கொடுத்த மின்கலங்கள் அந்த வழியில் வந்தவை.

இதைப் ‘பல்கலைக்கழகக் கண்டுபிடிப்பு’ என்று எளிதாக எழுதிவிடலாம். விவரங்களைப் பார்த்தால் அது அவ்வளவு எளிதாக இல்லை. பேக்கன் அங்கே பேராசிரியராக இருந்தவரில்லை. அவருக்கான பணம் மின்தொழில் ஆய்வுச் சங்கத்திலிருந்து வந்தது. 1950களின் நடுவில் அந்தப் பணம் நின்றபோது வேலையும் தடைபட்டது; பின்னர் அரசின் தேசிய ஆய்வு மேம்பாட்டுக் கழகம்தான் கைகொடுத்தது. அடிப்படை வினையும் அவர் கண்டுபிடித்ததில்லை. அவர் தேர்ந்தெடுத்தது காரக்கரைசல், நிக்கல் மின்முனைகள், 200 டிகிரி செல்சியஸ் அளவிலான வெப்பம், உயர் அழுத்தம்.

அந்தச் சூழலில் ஆக்சிஜன் பக்கத்து நிக்கல் அரிக்கப்பட்டது. முழுத் திட்டமும் அந்த ஒரே இடத்தில் நின்றுபோயிருக்கலாம். நிக்கலின் மேற்பரப்பை முன்கூட்டியே ஆக்சைடாக்கி, அதில் லித்தியத்தைச் சேர்த்தால் அரிமானம் அடங்குகிறது, மின்கடத்துதிறனும் கெடுவதில்லை என்பது பல ஆண்டு முயற்சிக்குப் பின் தெரியவந்தது. பேக்கனின் மின்கலத்தைச் சாத்தியமாக்கியது இந்த அரிமானத் தீர்வு. பல்கலைக்கழகம் அவருக்குக் கொடுத்தது இடம், பல துறை வல்லுநர்களின் அருகாமை, உடனடி லாபக் கணக்கு கேட்காத காலம். இந்த மூன்றையும் பார்சன்ஸ் தொழிற்சாலை கொடுக்கவில்லை.

3. தொலைந்துபோகும் வோல்ட்

பல்கலைக்கழகங்களின் பங்களிப்பை எடைபோடுவதற்கு முன், சிக்கலின் மையம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வெப்ப இயக்கவியல் கணக்குப்படி, சாதாரண வெப்பநிலையில் ஒரு ஹைட்ரஜன் மின்கலம் 1.23 வோல்ட் தர வேண்டும். வண்டியை இழுக்கும் அளவுக்கு மின்னோட்டம் எடுக்கும்போது உண்மையில் கிடைப்பது 0.6 முதல் 0.7 வோல்ட் வரை. மீதி வெப்பமாகிப் போகிறது. இழப்பின் பெரும்பங்கு ஆக்சிஜன் முனையில் நேர்கிறது. ஹைட்ரஜன் மூலக்கூறு பிளாட்டினத்தின் மேல் சட்டென்று பிரிந்துவிடும். ஆக்சிஜன் மூலக்கூறு நான்கு எலக்ட்ரான்களை வாங்கி நீராக வேண்டும். அந்த வினை மந்தமானது. அதை விரைவுபடுத்தவே விலையுயர்ந்த பிளாட்டினம் தேவைப்படுகிறது.

பிளாட்டினமே ஏன் சிறந்தது, அதுவும் ஏன் போதவில்லை என்ற கேள்விக்கு நீண்ட காலம் அனுபவ விடையே இருந்தது. டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் யென்ஸ் நோர்ஸ்கோவ் குழுவினர் 2004இல் குவாண்டம் கணக்கீட்டின் வழியே இதற்குக் காரணம் காட்டினர். வினையின் இடைநிலைகளாகத் தோன்றும் ஆக்சிஜனும் ஹைட்ராக்சிலும் உலோகப் பரப்பில் மிக வலுவாக ஒட்டினால் விலகாது. மிகத் தளர்வாக ஒட்டினால் வினையே தொடங்காது. பிளாட்டினம் நடுவழிக்கு மிக அருகில் இருக்கிறது, ஆனால் சற்று அதிகமாகவே ஒட்டுகிறது. இடைநிலைகளின் பிணைப்பு வலிமைகள் ஒன்றோடொன்று கட்டுண்டவை. ஒன்றை மட்டும் தனியே மாற்ற முடியாது. அதனால் எந்த உலோகப் பரப்பை எடுத்தாலும் குறிப்பிட்ட அளவு வோல்ட் இழப்பைத் தவிர்ப்பது கடினம் என்பதும் பின்னர் தெளிவானது.

பல்கலைக்கழகம் மட்டுமே செய்யக்கூடிய வேலைக்கு இது நல்ல எடுத்துக்காட்டு. இதிலிருந்து உடனடியாக எந்தப் பொருளும் சந்தைக்கு வரவில்லை. ஆனால் எங்கே தேடினால் பயனுண்டு, எங்கே தேடுவது வீண் என்பதற்கு ஒரு வரைபடம் கிடைத்தது. எல்லையைச் சொல்வதும் ஒரு கண்டுபிடிப்புதான்.

4. எதை அளக்கிறோம்?

அந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு பல குழுக்கள் புதிய வினையூக்கிகளைத் தேடின. அமெரிக்காவின் ஆர்கான், பெர்க்லி ஆய்வகங்களைச் சேர்ந்த குழு 2007இல், பிளாட்டினம்-நிக்கல் ஒற்றைப் படிகத்தின் குறிப்பிட்ட ஒரு முகம் வழக்கமான பிளாட்டினம்-கார்பன் வினையூக்கியைவிட 90 மடங்கு செயல்திறன் காட்டுவதாக அறிவித்தது. 2014இல் பெர்க்லியிலிருந்து, உள்ளீடற்ற சட்டக வடிவில் செய்த பிளாட்டினம்-நிக்கல் நுண்துகள்கள் பிளாட்டினத்தின் எடைக்கணக்கில் 36 மடங்கு திறன் காட்டுவதாகச் செய்தி வந்தது. இவை மிகுந்த திறமையோடு செய்யப்பட்ட, ஐயத்திற்கிடமற்ற ஆய்வுகள். அதே 2014இல் வெளிவந்த மிராய் காரில் இருந்ததோ, வடிவ வேலைப்பாடு எதுவும் இல்லாத எளிய பிளாட்டினம்-கோபால்ட் கலவை. அத்தகைய கலவைகள், புரோட்டான் கடத்தும் பாலிமர் சவ்வை இரு முனைகளுக்கும் நடுவில் வைத்த மின்கலத்தில் எப்படி நடந்துகொள்கின்றன என்பதை சுப்பிரமணியம் சீனிவாசனும் சஞ்சீவ் முகர்ஜியும் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்திலிருந்து 1993ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டனர்.

இந்த இடைவெளிக்குக் காரணம் அளவீட்டு முறையில் இருக்கிறது. ஆய்வகங்கள் பொதுவாகச் சுழல்தட்டு மின்முனையைப் பயன்படுத்துகின்றன. ஒரு சிறு வட்டத் தட்டின்மேல் வினையூக்கியை மெல்லிய படலமாகப் பூசி, அமிலத்தில் அமிழ்த்திச் சுழற்றுவார்கள். அமிலத்தில் கரைந்த ஆக்சிஜன் மட்டுமே அதை வந்தடையும் என்பதால், ஒரு சதுர சென்டிமீட்டரில் ஓடும் மின்னோட்டம் சில மில்லிஆம்பியர்தான். கார் மின்கலத்தில் அதே பரப்பில் ஓர் ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். அங்கே வினையூக்கி, கார்பன் துகள், புரோட்டான் கடத்தும் பாலிமர், வாயு, நீர் எல்லாம் கலந்திருக்கும். நிக்கல் மெல்லக் கரைந்து வெளியேறும். கரைந்த அயனிகள் சவ்வுக்குள் புகுந்து அதன் கடத்துதிறனைக் குறைக்கும். சுழல்தட்டில் பெற்ற 36 மடங்கு, முழு மின்கலத்தில் இரண்டு மூன்று மடங்காகக்கூட நிலைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இதை முதலில் ஒழுங்குபடுத்திச் சொன்னவர்கள் தொழிலகத்தினர் என்பது கவனிக்கத்தக்கது. ஜெனரல் மோட்டார்ஸில் இருந்த ஹூபர்ட் காஸ்டைகரும் சகாக்களும் 2005இல் எழுதிய கட்டுரை, வினையூக்கிகளை எந்த மின்னழுத்தத்தில், எந்தச் சூழலில், எந்த அலகில் ஒப்பிட வேண்டும் என்று வரையறுத்தது. காஸ்டைகர் பின்னர் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அளவுகோல் வகுப்பது கல்விப்புலத்துக்குரிய வேலையாக இருந்திருக்க வேண்டும். அது தொழிலகத்திலிருந்து வந்ததற்குக் காரணம், பல்கலைக்கழகத்தில் அதற்கு வெகுமதி குறைவு என்பதே.

பிளாட்டினத்தின் அளவு எப்போது பெரிதும் குறைந்தது என்று பார்த்தாலும் இதே முடிவுக்குத்தான் வருகிறோம். 1980களின் நடுப்பகுதியில், அன்று கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் நிர்வாகத்தில் இருந்த லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் இயன் ரைஸ்ட்ரிக் ஓர் எளிய மாற்றம் செய்தார். புரோட்டான் கடத்தும் பாலிமரைக் கரைசலாக்கி மின்முனைக்குள் ஊறவிட்டார். அதுவரை சவ்வைத் தொட்டுக்கொண்டிருந்த பிளாட்டினம் மட்டுமே வேலை செய்தது. உள்ளே கிடந்தது வீணானது. இப்போது உள்ளே இருந்ததற்கும் புரோட்டான் போய்ச் சேர வழி கிடைத்தது. பிரேசிலைச் சேர்ந்த எட்சன் டிசியானெல்லியும் சீனிவாசனும் சகாக்களும் 1988இல் இதை மேலும் செம்மைப்படுத்தி வெளியிட்டனர். சதுர சென்டிமீட்டருக்கு 4 மில்லிகிராமாக இருந்த பிளாட்டினம் சுமார் 0.4 மில்லிகிராமாகக் குறைந்தது. பத்து மடங்குச் சிக்கனம். அதற்குப் புதிய வினையூக்கி எதுவும் தேவைப்படவில்லை. இருக்கும் வினையூக்கி எங்கே சும்மா கிடக்கிறது என்ற புரிதலே போதுமானதாக இருந்தது.

5. அறுபத்தேழு விழுக்காடு

ஹைட்ரஜனைச் சேமிப்பது மின்கலத்தைவிடக் கடினமான சிக்கல் என்று கருதப்பட்ட காலம் 1990களின் இறுதி. கார்பன் நுண்குழல்கள் புதிதாக வந்திருந்தன. 1997இல் அமெரிக்கத் தேசிய புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் சார்ந்த குழு ஒன்று, அக்குழல்கள் தம் எடையில் 5 முதல் 10 விழுக்காடு வரை ஹைட்ரஜனைப் பிடிக்கலாம் என்று மதிப்பிட்டது. அடுத்த ஆண்டு பாஸ்டனிலுள்ள நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கட்டுரை, கிராஃபைட் நுண்ணிழைகளில் 67 விழுக்காடு அளவுக்குச் சேமிக்க முடியும் என்றது.

இந்த எண்ணைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தாலே ஐயம் எழ வேண்டும். அறுபத்தேழு விழுக்காடு என்றால் ஒரு கார்பன் அணுவுக்கு ஏறத்தாழ 24 ஹைட்ரஜன் அணுக்கள். கார்பன் தன் பிணைப்புகள் அனைத்தையும் ஹைட்ரஜனுக்கே கொடுத்துவிட்ட மீத்தேனில்கூட ஒரு கார்பனுக்கு நான்குதான். எடையில் அது 25 விழுக்காடு. இருந்தும் உலகெங்கும் குழுக்கள் நுண்ணிழைகளைத் தேடி ஓடின. யாராலும் அந்த அளவைத் திரும்பப் பெற முடியவில்லை.

நுண்குழல்களின் கதை இன்னும் நுட்பமானது. அவற்றைத் தூய்மையாக்கவும் திறக்கவும் மீயொலிக் கருவியைப் பயன்படுத்தினர். ஸ்டுட்கார்ட்டிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் மிஷாயல் ஹிர்ஷர் குழுவினர் 2001இல் அதே முறையைத் திரும்பச் செய்து பார்த்தனர். மீயொலிக் கருவியின் முனை டைட்டேனியக் கலவையால் ஆனது. அது தேய்ந்து உதிர்ந்த துகள்கள் மாதிரிக்குள் கலந்திருந்தன. ஹைட்ரஜனை உறிஞ்சியது அந்த டைட்டேனியம்தான். அமெரிக்க ஆற்றல் துறை 2006இல் வண்டிச் சேமிப்புக்கான தூய ஒற்றைச்சுவர் நுண்குழல் ஆய்வைக் கைவிட முடிவு செய்தது. மிராய் காரில் கடைசியில் வந்து உட்கார்ந்தது 700 வளிமண்டல அழுத்தத்தில் வாயுவை அடைத்துவைக்கும் கார்பனிழைத் தொட்டி. அதன் சேமிப்பு, தொட்டியின் எடையையும் சேர்த்துக் கணக்கிட்டால், 5.7 விழுக்காடு.

இதை மோசடிக் கதையாக வாசிப்பது தவறு. அளவிடும் வாயு மிக இலேசானது. சிறு கசிவும் சிறு வெப்பநிலை மாற்றமும் பெரிய பிழையாகத் தெரியும். தவறைக் கண்டுபிடித்ததும் பொது ஆய்வு நிறுவனங்களே. அறிவியல் தன்னைத் திருத்திக்கொண்டது என்று ஆறுதல் அடையலாம். ஆனால் அறிவிப்புக்கும் திருத்தத்துக்கும் இடையே பல ஆண்டுகள் போயின, எத்தனையோ முனைவர் பட்டத் தலைப்புகள் போயின. ஒரு முடிவை வேறொரு ஆய்வகம் சரிபார்ப்பதற்கு முன் அதன்மேல் திட்டங்களைக் கட்டக்கூடாது என்ற எளிய விதி பின்பற்றப்பட்டிருந்தால் இந்த இழப்பு வெகுவாகக் குறைந்திருக்கும்.

6. கோஃபுவும் ஃபுகுவோகாவும்: தங்கி நின்ற ஆய்வு

எதிர்த்திசையில் ஓர் எடுத்துக்காட்டு ஜப்பானில் கிடைக்கிறது. கோஃபு நகரிலுள்ள யமனாஷி பல்கலைக்கழகம், டோக்கியோ, கியோட்டோ போன்ற புகழ்பெற்ற நிறுவனங்களின் வரிசையில் வைக்கப்படுவதில்லை. அங்கே மசாஹிரோ வதனாபேயும் சதோஷி மோட்டூவும் 1975இல், பிளாட்டினத்தோடு ருத்தேனியத்தைச் சேர்த்தால் என்ன ஆகிறது என்பதை விளக்கினர். கார்பன் மோனாக்சைடு பிளாட்டினப் பரப்பில் ஒட்டிக்கொண்டு வினையை முடக்கிவிடும். பக்கத்திலிருக்கும் ருத்தேனியம் நீரிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக் கொடுக்க, அந்த மோனாக்சைடு கார்பன் டைஆக்சைடாகி வெளியேறுகிறது. இரண்டு உலோகங்களும் வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன.

முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2009இல், ‘எனே-ஃபார்ம்’ என்ற வீட்டு மின்கலம் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. நகர எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜன் எடுத்து, வீட்டுக்கு மின்சாரமும் வெந்நீரும் கொடுக்கும் கருவி அது. எரிவாயுவிலிருந்து எடுக்கும் ஹைட்ரஜனில் சிறிதளவு கார்பன் மோனாக்சைடு இருந்தே தீரும். ஆகவே பிளாட்டினம்-ருத்தேனியம் இல்லாமல் அந்தக் கருவி நிலைத்திருக்க முடியாது. இன்று ஜப்பானில் சில லட்சம் வீடுகளில் எனே-ஃபார்ம் இருக்கிறது. யமனாஷி பல்கலைக்கழகம் அந்தத் துறையை விட்டு விலகவும் இல்லை. 2008இல் எரிபொருள் மின்கல நுண்பொருள் ஆய்வு மையம் தொடங்கியது. வண்டியை நிறுத்தி மீண்டும் கிளப்பும்போது மின்முனையின் கார்பன் அரிக்கப்படுகிறது என்பதால், கார்பனுக்குப் பதிலாக வெள்ளீய ஆக்சைடு போன்ற தாங்கிகளை அந்தக் குழு ஆராய்ந்துவருகிறது. ஒரே ஊரில், ஒரே சிக்கலில், தலைமுறை மாறியும் தொடரும் ஆய்வு இது.

ஃபுகுவோகாவில் உள்ள கியூஷு பல்கலைக்கழகத்தின் வழி வேறு. ஹைட்ரஜன் உலோகத்துக்குள் புகுந்தால் அது நொறுங்கும் தன்மை அடைகிறது. விரிசல் வேகமாக வளர்கிறது. தொட்டி, குழாய், வால்வு, நிரப்பு நிலையம் எல்லாவற்றின் பாதுகாப்பும் இதைப் பொறுத்தது. 2006இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் இட்டோ வளாகத்தில், உலோகச் சோர்வு ஆய்வில் பெயர்பெற்ற யுகிடாகா முராகாமியின் தலைமையில், உயர் அழுத்த ஹைட்ரஜனில் பொருள்களைச் சோதிக்கும் மையம் அமைந்தது. எந்த எஃகு, எந்த அழுத்தத்தில், எத்தனை சுழற்சிக்குப் பின் விரிசல் விடுகிறது என்று அளந்து பட்டியலிடுவதே வேலை. நாளேட்டின் முதல் பக்கத்துக்கு வராத வேலை. ஆனால் தரவு இல்லாதபோது அரசின் பாதுகாப்பு விதிகள் அச்சத்தால் இறுகுகின்றன. விலைமிக்க எஃகை மட்டுமே அனுமதிக்கின்றன. நிரப்பு நிலையத்தின் செலவு கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம். தரவு வந்தால்தான் விதி தளரும்.

7. நிறுவனமாக மாறிய ஆய்வுகள்

பல்கலைக்கழக ஆய்வு நேரடியாக நிறுவனமாவது மூன்றாவது பாதை. இதில் இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பிரையன் ஸ்டீல், செரியா என்ற ஆக்சைடில் கடோலினியத்தைச் சேர்த்தால் 500–600 டிகிரியிலேயே ஆக்சிஜன் அயனிகள் நன்கு கடக்கும் என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அந்த வெப்பத்தில் விலையுயர்ந்த பீங்கானுக்குப் பதிலாகத் துருப்பிடிக்காத எஃகைத் தாங்கியாக வைக்க முடியும். 2001இல் இதிலிருந்து செரெஸ் பவர் நிறுவனம் உருவானது. ஜெர்மனியின் போஷ், கொரியாவின் தூசான் ஆகியவை அதோடு கூட்டுச் சேர்ந்தன. கால் நூற்றாண்டு நெருங்கும் வேளையில், 2025இல், போஷ் விலகிக்கொண்டது. தூசான் உற்பத்தியைத் தொடங்கியது. நல்ல அறிவியல் இருந்தாலும் சந்தை வேறு கணக்கு போடும் என்பதற்கு இது சான்று.

இரண்டாவது எடுத்துக்காட்டுக்குத் திருச்சியோடு தொடர்பு உண்டு. திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியில் படித்த கே. ஆர். ஸ்ரீதர், அரிசோனா பல்கலைக்கழகத்தில் நாசாவுக்காக ஒரு கருவியில் பணியாற்றினார். செவ்வாயின் காற்றில் நிறைந்திருக்கும் கார்பன் டைஆக்சைடை மின்சாரத்தால் பிரித்து ஆக்சிஜன் எடுப்பது அதன் நோக்கம். 2001ஆம் ஆண்டு செவ்வாயில் இறங்கவிருந்த கலத்தில் அதற்கு இடமிருந்தது. முந்தைய தரையிறங்கி 1999 டிசம்பரில் தொலைந்துபோகவே, அந்தப் பயணம் ரத்தானது. அந்தக் கருவியிலிருந்த திட ஆக்சைடுக் கலத்தை எதிர்த்திசையில் இயக்கினால் எரிபொருளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம். அந்த எண்ணத்தில் 2001இல் தொடங்கிய நிறுவனமே இன்றைய புளூம் எனர்ஜி. செவ்வாயில் ஆக்சிஜன் எடுக்கும் எண்ணம் வேறொரு குழுவின் மாக்ஸி கருவியால் 2021இல் நிறைவேறியது.

புளூமின் பெட்டிகள் பெரும்பாலும் ஓடுவது இயற்கை எரிவாயுவில். ஹைட்ரஜனில் ஓடுவது குறைவு. ஆகவே ‘தூய ஆற்றலின் வெற்றி’ என்று இதை மொத்தமாக எழுதுவது மிகை. இரு நிறுவனங்களிலும் தெரிவது வேறொன்று: பல்கலைக்கழகத்தில் ஊறிய ஒரு பொருளறிவு, எதிர்பாராத ஒரு தேவைக்குப் பயன்படுகிறது. அந்தத் தேவையை முன்கூட்டியே சொல்லி நிதி கேட்டிருந்தால் கிடைத்திருக்காது.

8. இரண்டு மறுப்புகள்

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது: சிதைவையும் ஆயுளையும் அளப்பது தொழிலகத்தின் வேலை, பல்கலைக்கழகம் அடிப்படைக் கேள்விகளோடு நிற்பதே நல்லது. இதில் ஓரளவு உண்மை உண்டு. நோர்ஸ்கோவின் கணக்கையோ, தட்சுமி இஷிஹாரா ஓய்ட்டா பல்கலைக்கழகத்தில் 1994இல் கண்ட லாந்தனம் காலேட் மின்பகுளியையோ எந்தக் கார் நிறுவனமும் செய்திருக்காது. ஆனால் தொழிலகம் தன் கருவி எப்படிப் பழுதானது என்பதை வெளியே சொல்வதில்லை. பொதுவில் கிடைக்காத தரவைக் கொண்டு பாதுகாப்பு விதி எழுத முடியாது, அடுத்த தலைமுறை மாணவருக்குப் பாடம் நடத்தவும் முடியாது. மேலும் ஆயுள் என்பதே அடிப்படைக் கேள்விதான். கனரக வண்டிக்கு அமெரிக்க ஆற்றல் துறை வைத்திருக்கும் இலக்கு 25,000 மணி நேரம். இடைவிடாமல் ஓட்டினாலும் அது ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். எந்த முனைவர் பட்ட மாணவரும் அப்படிக் காத்திருக்க முடியாது. ஆகவே சில நூறு மணி நேர விரைவுச் சோதனை, சாலையில் கழியும் பல ஆண்டுகளுக்கு எந்த அளவுக்கு ஈடாகும் என்பதை நிறுவ வேண்டியிருக்கிறது. அதற்குத் துல்லியமான வேதியியல் புரிதல் தேவை.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது: எரிபொருள் மின்கலத்தின் ஓட்டம் முடிந்துவிட்டது, பேட்டரி வென்றுவிட்டது. கார்களைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் சரி. மின்சாரத்தால் ஹைட்ரஜன் தயாரித்து, அழுத்தி, மறுபடி மின்சாரமாக்கினால் மூன்றில் ஒரு பங்கு அளவே சக்கரத்துக்கு வருகிறது. பேட்டரியில் இதைப் போல இருமடங்குக்கு மேல் வருகிறது. ஷெல் நிறுவனம் 2024இல் கலிஃபோர்னியாவிலிருந்த தன் கார் நிரப்பு நிலையங்களை மூடியது. ஆனால் உரம், எஃகு, சுத்திகரிப்பு ஆலைகளுக்கு ஹைட்ரஜன் தேவை தொடர்கிறது. அதைத் தூய வழியில் எடுக்கும் மின்னாற்பகுப்புக் கருவி, எரிபொருள் மின்கலத்தைத் திருப்பிப் போட்டது போன்றது. அதே சவ்வு, அதே ஆக்சிஜன் முனை, அதே சிதைவு. சவ்வு வகைக் கருவிக்கு இரிடியம் வேண்டும். உலகில் ஆண்டுக்குக் கிடைப்பது பத்து டன்னுக்கும் குறைவு. இரிடியத்துக்கு மாற்று கண்டதாக வரும் கட்டுரைகள் பல, சில மணி நேரச் சோதனையோடு நிற்கின்றன. பிளாட்டினத்தில் கற்ற பாடத்தை இரிடியத்தில் மறுபடி கற்க நேரமும் பணமும் இல்லை.

9. இந்தியச் சூழல்

இந்திய அமைச்சரவை 2023 ஜனவரி 4ஆம் நாள் தேசிய பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. மொத்த ஒதுக்கீடு ரூ. 19,744 கோடி. அதில் ரூ. 17,490 கோடி உற்பத்தி ஊக்கத்தொகை; ஆய்வுக்கும் மேம்பாட்டுக்கும் ரூ. 400 கோடி. அதாவது சுமார் 2 விழுக்காடு. தொகையின் சிறுமையைக் குறை சொல்வது எளிது. அந்தச் சிறு தொகை எதற்குப் போக வேண்டும் என்பதே பயனுள்ள கேள்வி.

நாட்டில் அனுபவம் இல்லாமல் இல்லை. சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகங்களும் கே.பி.ஐ.டி. நிறுவனமும் சேர்ந்து 2020இல் மின்கலக் காரையும் 2022இல் பேருந்தையும் ஓட்டிக் காட்டின. கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் உருவான ஹைட்ரஜன் படகு 2024 பிப்ரவரியில் தொடங்கிவைக்கப்பட்டது. இஸ்ரோ 2024 ஜனவரியில் விண்வெளியில் ஒரு மின்கலத்தை இயக்கி 180 வாட் எடுத்தது. சென்னை ஐ.சி.எஃப். ஆலையில் ஹைட்ரஜன் ரயில்பெட்டி 2025இல் சோதிக்கப்பட்டது. இவை அனைத்தும் ‘ஓடுகிறது’ என்று காட்டியவை. எத்தனை காலம் ஓடும் என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்விக்கு வெளிநாட்டுத் தரவு முழு விடை தராது. சவ்வு வகை மின்கலம் சுமார் 80 டிகிரியில் இயங்குகிறது. வெளிக்காற்று 20 டிகிரியாக இருந்தால் வெப்பத்தை வெளியேற்ற 60 டிகிரி வேறுபாடு கிடைக்கும். வேலூரின் மே மாதத்தில் 42 டிகிரியாக இருந்தால் 38 டிகிரிதான். வெப்பம் வெளியேற்றும் வசதி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. நகரக் காற்றிலுள்ள கந்தக டைஆக்சைடு பிளாட்டினத்தில் ஒட்டி அதை முடக்கும். கடற்கரையில் உப்புக் காற்று வேறு. ஐரோப்பிய, ஜப்பானியச் சோதனை முறைகள் இவற்றை மையமாக வைத்து எழுதப்பட்டவை அல்ல.

இங்கே காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தை நினைக்க வேண்டும். வள்ளல் அழகப்பர் கொடுத்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாயிலும் எழுந்த அந்த நிறுவனம் 1953இல் திறக்கப்பட்டது. மண்டபம் கடற்கரையில் உலோகங்களைக் காற்றிலும் உப்பிலும் வைத்து அரிமானத்தை அளந்துவரும் மரபு அதற்கு உண்டு. அண்ணா பல்கலைக்கழக இணைப்போடு மின்வேதிப் பொறியியலும் அங்கே கற்பிக்கப்படுகிறது. சென்னையில், ஐ.ஐ.டி. ஆய்வுப் பூங்காவில் ஏ.ஆர்.சி.ஐ. அமைப்பின் எரிபொருள் மின்கல மையம் இருக்கிறது. பொறுமையாக அளக்கும் பண்பாடும் மின்கலம் செய்யும் கைத்திறனும் ஒரே மாநிலத்தில் இருக்கின்றன. அவை ஒன்றுசேர்ந்து, கியூஷுவைப் போல ஒரு பொதுச் சோதனை மையமாக வளர்வதே இயல்பான அடுத்த அடி.

10. முடிவு

மேலே பார்த்த சான்றுகளைத் தொகுத்தால் மூன்று முடிவுகளுக்கு வரலாம். ஒன்று, எரிபொருள் மின்கலத்தின் பெரிய முன்னேற்றங்கள் பலவும் சிதைவையும் வீணாவதையும் புரிந்துகொண்டதிலிருந்து வந்தவை: பேக்கனின் நிக்கல், லாஸ் அலமோஸின் பாலிமர், யமனாஷியின் ருத்தேனியம். இரண்டு, முழு மின்கலத்தில் சோதிக்கப்படாத, மற்றோர் ஆய்வகம் சரிபார்க்காத எண்களை நம்பிச் செலவழித்த காலமே பெரும் இழப்பு. மூன்று, பொதுவில் வைக்கப்படும் ஆயுள் தரவை உருவாக்கப் பல்கலைக்கழகங்களையும் பொது ஆய்வகங்களையும் விட்டால் வேறு யாரும் இல்லை.

இதிலிருந்து நிதி வழங்குவோருக்கு ஒரு வேண்டுகோள் எழுகிறது. அந்த 400 கோடியில் ஒரு நிலையான பங்கை, இந்திய வெப்பத்திலும் இந்தியக் காற்றிலும் மின்கலங்களையும் மின்னாற்பகுப்புக் கருவிகளையும் பல ஆயிரம் மணி நேரம் ஓட்டி, பழுதுகள் உட்பட அனைத்தையும் வெளியிடும் மையத்துக்கு ஒதுக்க வேண்டும். பிறர் முடிவைத் திரும்பச் செய்து பார்த்த வேலையையும் முனைவர் பட்டத்துக்குத் தகுதியான ஆய்வாகப் பல்கலைக்கழகங்கள் ஏற்க வேண்டும். புதிய வினையூக்கி ஒன்றை அறிவிக்கும் குழுவிடம் மதிப்பீட்டாளர்கள் முதலில் கேட்க வேண்டியது, அது முழு மின்கலத்தில் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதைத்தான்.